சைலண்ட் வேலியில் ஒன்றுமே இல்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதை நம்பிப் போன மாதம் குடும்பத்தோடு கேரளத்துச் சைலண்ட் வேலிக் காட்டுக்குப் போய்வந்தோம். கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி, அங்கிருந்து ஜீப்பில் 23 கிலோமீட்டர் குலுங்கிக் குலுங்கி சைரந்திரி. அங்கே காட்டைப் பார்க்கக் கட்டிய கோபுரத்தில் ஏறினால் பச்சை, பச்சை, அப்புறம் மேகம். ஒரு மலையணிலைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. சிங்கவால் குரங்கைக் காட்டுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். முதுமலையில் ரோட்டோரமே யானையும் மானும் நிற்கின்றன. இதற்கா இவ்வளவு புகழ்?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

முதலில் உங்கள் மகளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நான் முதல் தடவை போனபோது அட்டைகளைத் தவிர வேறெந்த ஜீவராசியும் என்னைப் பார்க்க வரவில்லை. எழுதுகிற உற்சாகத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர்க் காடு. வெயில் தரைக்கு வருகிறது, புல் முளைக்கிறது, புல்லைத் தேடி மான் வருகிறது, நாமும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறோம். சைலண்ட் வேலியோ மழைக்காடு, அங்கே தரையில் வெயிலே அதிகம் விழாது. பூவும் பழமும் தளிரும் முப்பது மீட்டருக்கு மேலே இருக்கின்றன, சோறு எங்கேயோ அங்கேதானே குடித்தனம்? அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டில் யாருமே இல்லை என்று திரும்பி வந்திருக்கிறீர்கள்.

அடுத்த தடவை போனால் வழிகாட்டியிடம் வெடிப்பலா எது என்று கேளுங்கள். கிளையோடு ஒட்டினாற்போல, குட்டிப் பலா மாதிரி முள்ளு முள்ளாகக் காய்த்திருக்கும். சிங்கவால் குரங்குக்கு (சோலைமந்தி என்றும் சொல்வார்கள்) அதன் கொட்டை என்றால் உயிர். அடியில் புதிதாக உடைத்துப் போட்ட ஓடு கிடந்தால் பேசாமல் நின்று அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.

குரங்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் வால்பாறை புதுத்தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், ரோட்டிலேயே பார்க்கலாம். ஆனால் அது ஏன் ரோட்டுக்கு வருகிறது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே காடு தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகிவிட்டது, மரத்துக்கு மரம் தாவ வழியில்லாமல் கீழே இறங்கி வண்டியில் அடிபட்டும் சாகின்றன. அதற்காகவே ரோட்டுக்கு மேலே கிளைக்குக் கிளை பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். சைலண்ட் வேலியில் அது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், கீழே இறங்கவேண்டிய அவசியம் அதற்கு இன்னும் வரவில்லை என்பதுதான். எனக்கென்னவோ இந்த ஏமாற்றம் நல்ல ஏமாற்றமாகத்தான் படுகிறது.

இன்னொன்று, நீங்கள் பார்த்த அந்தப் பச்சையே தப்பிப் பிழைத்த பச்சை. சைரந்திரிக்குக் கீழே ஓடும் குந்திப்புழையில்தான் 120 மெகாவாட் மின்திட்டத்துக்கு அணை கட்டுவதாக இருந்தது. கட்டியிருந்தால் எட்டு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு தண்ணீருக்குள் போயிருக்கும். ஒரு குரங்குக்காகக் கரண்டை விடுவதா என்று கேலி பேசியவர்களும் உண்டு. கேரளத்து மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், சுகதகுமாரி போன்ற மலையாளக் கவிஞர்களும் விடாமல் எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் தேசியப் பூங்கா ஆனது.

ஊர்ப்பெயரையும் கவனியுங்கள். விராடன் அரண்மனையில் மறைந்திருந்தபோது பாஞ்சாலி வைத்துக்கொண்ட பெயர் சைரந்திரி. அஞ்ஞாதவாசத்துக்குப் பொருத்தமான இடம்தான்!

சனி, ஞாயிறை விட்டுவிட்டு வாரநாளில் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு மறக்காதீர்கள்.

அப்புறம், அந்த மலையணிலை இவ்வளவு அலட்சியமாக ஒதுக்கிவிட்டீர்களே. வாலோடு சேர்த்தால் ஏறக்குறைய மூன்றடி வரும் பிராணி அது. அதன் முதுகு என்ன நிறம் என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவள் சரியாகச் சொல்வாள் என்று நினைக்கிறேன்.