கேட்டுச் செய்த ஊரும் கேட்காமல் செய்த நாடும்

அன்புள்ள ஐயா,

கொரோனா காலம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். 2020, 2021 இரண்டு வருடமும் பணியில் இருந்தேன். கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாவற்றையும் பூட்டினோம். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. மீனாட்சி கல்யாணத்தை டிவியில் பார்த்து வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்குத் தொல்லை வந்ததெல்லாம் சாவில்தான். குளிப்பாட்ட வேண்டும், முகம் பார்க்க வேண்டும், எரிக்கக் கூடாது என்று ஒரே சண்டை. மூடநம்பிக்கை உயிரைவிடப் பெரிதா? அடுத்த கொள்ளைநோயில் எல்லா மதத்துக்கும் தகனம் மட்டும்தான் என்று சட்டம் போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இதில் என்ன தவறு?

ஆர்.எஸ்., விருதுநகர்

அன்புள்ள ஆர்.எஸ்.,

உங்களைப் போன்றவர்கள் அந்த இரண்டு வருடமும் தெருவில் நின்றதால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் மறுக்கிறேன்.

பூட்டியதை மதங்கள் தாங்கிக்கொண்டன என்பது உண்மை. அதற்கான வழி அவற்றுக்குள்ளேயே இருந்தது. கொள்ளைநோய் கண்ட ஊருக்குப் போகாதே, நீ இருக்கும் ஊரில் வந்தால் வெளியேறாதே என்பது நபிமொழி. 2020 மார்ச்சில் குவைத் பள்ளிவாசல்களின் பாங்கில் (தொழுகைக்கான அழைப்பில்) ‘வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள்’ என்று சேர்த்துச் சொன்னார்கள். கடும் மழைக்கும் குளிருக்கும் என்று நபி காலத்திலேயே இருந்த வாசகம்தான் அது.

திருவிழா அடுத்த வருடம் வரும். அப்பாவை வழியனுப்புவது ஒரே ஒரு தடவை. சண்டை அங்கே வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அங்கேயும் மக்கள் இறங்கி வந்தார்கள். கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள்.

அது கடலுக்கும் காயலுக்கும் நடுவே உள்ள மண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். கொரோனாவில் இறந்தவர்களுக்கு ஆழமாகக் குழி வெட்டச் சொன்னார்கள்; அந்த மண்ணில் அது நடக்கிற காரியமில்லை. ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் அரசு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியது. பிறகு, உடலைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் அடக்கம் செய்யலாம் என்று ஆயரே அறிவித்தார். 2020 ஜூலைக் கடைசியில் மாராரிக்குளத்தில், ஆலய வளாகத்திலேயே சிதை எரிந்தது. தகனத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே அனுமதித்துவிட்டாலும், தலைமுறை தலைமுறையாகப் புதைத்தே பழகிய கடலோரச் சனங்கள் அவர்கள். தங்கள் கல்லறைத் தோட்டத்தில், தங்கள் ஜெபத்தோடு அது நடந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது இலங்கைக்கு வாருங்கள். நீங்கள் கேட்கும் சட்டத்தை அங்கே போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியில் (அரசிதழில்) கொரோனா மரணங்களுக்குத் தகனம் கட்டாயமானது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று சொல்லியும் கேட்கவில்லை. எரிக்கப்படவிருந்த தங்கள் ஜனாஸாக்களை, அதாவது இறந்தோர் உடல்களை, முஸ்லிம்கள் பொறுப்பேற்க மறுத்தார்கள். உடல்கள் பிணவறைகளில் தேங்கின. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் கொழும்பில் எரித்தார்கள். அதன்பின் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக்கம்பிகளில் வெள்ளைத் துணிகள் தொங்கின. இறந்த உடலைச் சுற்றிக் கபனிடும் துணி அது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் வந்து கட்டினார்கள். அதிகாரிகள் அவிழ்த்துப் போட்டார்கள். மறுபடி கட்டினார்கள். 2021 பிப்ரவரிக் கடைசியில்தான் ஆணையை மாற்றினார்கள். மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. அந்தத் தாய்க்கு அதனால் என்ன?

இரண்டு இடத்திலும் காரணமாகச் சொன்னது நிலத்தடித் தண்ணீரைத்தான். ஓரிடத்தில் சமூகத்தைக் கேட்டுச் செய்தார்கள், இன்னோரிடத்தில் கேட்கவில்லை. முஸ்லிம்கள் விட்டுக்கொடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. குளிப்பாட்ட முடியாவிட்டால் தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதும், அதையும் உடலை மூடிய உறைக்கு மேலேயே செய்யலாம், பத்துப் பேர் தள்ளி நின்று தொழலாம் என்று உலகெங்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தீர்ப்புச் சொன்னார்கள். மண்ணை மட்டும்தான் கேட்டார்கள்.

நம் ஊரிலும் பார்த்தோமே. 2021 மே மாதம், ஒரு மின்மயான வாசலில் நான் நின்ற நேரம். உடலை இறக்கியவர்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாஅத் இளைஞர்கள். இறந்தவரின் மகன் கிட்டே வரப் பயந்து வேப்பமரத்தடியில் நின்றான். கவச உடைக்குள்ளிருந்து ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, உங்க வழக்கத்துல என்ன செய்யணும்? சொல்லுங்க, நாங்க செய்யறோம்.” வாய்க்கரிசி என்றான். அரிசி இல்லை. இன்னொருவர் தெருமுனைக் கடைவரை ஓடிப்போய் வாங்கி வந்தார். உறைக்கு மேலேயே போட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று என்னால் சொல்ல முடியாது.

2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்களே, அவர்கள் சடங்கு கேட்டுச் சண்டை போட்டவர்களா? உடலிலிருந்து நோய் பரவும் என்ற வதந்திக்குப் பயந்தவர்கள். அப்படித் தடுப்பவர்களைச் சிறையில் போட அவசரச் சட்டமே தேவைப்பட்டது.

பையைத் திறந்து முகம் காட்டலாம், தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் 2020 மார்ச் வழிகாட்டுதலிலேயே இருந்தது. எத்தனை மயானத்தில் அதைச் செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். புதுச் சட்டத்தைவிட, மாவட்டத்துக்கு ஒரு கூட்டம் இப்போதே வேண்டும்: ஜமாஅத், சர்ச் பங்கு, மயான ஊழியர்கள், சுகாதாரத் துறை எல்லோரும் ஒரே மேசையில். குழி எத்தனை அடி, யார் நிற்கலாம், எவ்வளவு தள்ளி நின்று முகம் பார்க்கலாம் என்பதை நோய் வருமுன் எழுதி வைத்துவிட வேண்டும். விருதுநகரில் அப்படி ஒன்று நடந்தால் நீங்கள் அதில் இருக்க வேண்டும். எங்கே சண்டை வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.