முயல் முடியைப் பிடுங்குகிறதா? பெட்டியை இன்றே வையுங்கள்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி, கம்பிக் கூண்டில் ஒன்றாகவே வளர்க்கிறோம். போன மாதம் பெண் முயல் ஐந்து குட்டி போட்டது. விடிந்து பார்த்தால் மூன்று கூண்டுக்கு அடியில் தரையில், இரண்டு கம்பி மேலேயே. எல்லாம் செத்துக் கிடந்தன. தாயே கொன்றுவிட்டது என்கிறார் மாமியார். இப்போது மறுபடியும் வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலைகிறது. இன்று காலை நெஞ்சு முடியையும் பிடுங்கிப் போட்டிருக்கிறது. இது நோயா, சினையா? சினை என்றால் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் ஐயா?

பதில்: நோய் இல்லை அம்மா. குட்டி போடப் போகிறது, அனேகமாக இன்றோ நாளையோ. முயலுக்குச் சினைக்காலம் 28 முதல் 32 நாள். குட்டி போட்ட அன்றே அது மறுபடி கெடாவுடன், அதாவது ஆண் முயலுடன், சேர்ந்து சினைபிடிக்கும். உங்கள் கூண்டில் கெடாவும் கூடவே இருந்ததால் கணக்கு சரியாக வருகிறது. வயிற்றில் குட்டி இல்லாமலே சினை மாதிரி காட்டும் பொய்ச்சினையிலும் முயல் முடி பிடுங்கும். ஆனால் அது சேர்க்கை நடந்து 16, 18 நாளிலேயே வந்துவிடும். எதுவாக இருந்தாலும் பெட்டி வைப்பதால் நஷ்டம் இல்லை.

தாயின் மேல் பழி போடாதீர்கள். பூனை, நாய் மாதிரி முயல் குட்டியை வாயில் கவ்வித் தூக்கி வைக்காது. கம்பி இடுக்கில் நழுவி விழுந்த குட்டி விழுந்ததுதான். உடம்பில் முடியே இல்லாத, 50 கிராம் தேறாத உயிர் அது. வெறும் கம்பியில் கிடந்தாலே சில மணி நேரத்தில் விறைத்துவிடும். தலைச்சன் ஈற்றில் சில முயல்கள் பதற்றத்திலோ, தண்ணீர் இல்லாத தவிப்பிலோ குட்டியைக் கடிப்பது உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் நடந்தது அது இல்லை.

முதல் வேலையாகக் கெடாவை இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்குள் அடுத்த சினை நின்றிருக்கும். வயிற்றில் ஒரு ஈடு, மடியில் ஒரு ஈடு என்றால் தாய் இளைத்துப் போகும்.

அப்புறம் பெட்டி. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் பலகைப் பெட்டி போதும். பழைய பழப்பெட்டியைக்கூட வெட்டிச் செய்யலாம். முன்பக்கப் பலகையை மட்டும் அரை அடி உயரத்துக்கு விடுங்கள். தாய் தாண்டிப் போகலாம், குட்டி வெளியே உருளாது. மூத்திரம் வடிய அடியில் நாலைந்து துளை போடுங்கள். ஆணி முனை எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே காய்ந்த புல்லோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவில் கையால் அழுத்திக் குழி செய்யுங்கள். தோப்பில் தேங்காய் நார் கிடக்குமே என்றால், கசக்கிச் சிறிதாக நறுக்கிப் போடலாம். நீள நார் வேண்டாம். பஞ்சு, நூல், பழைய சேலைத் துணி கூடவே கூடாது, குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். பிடுங்கிப் போட்ட முடியைக் குப்பை என்று கூட்டிவிடாமல் எடுத்து இதிலேயே வையுங்கள். குட்டிக்கு அதுதான் போர்வை. அடுத்த ஈற்றில் சேர்க்கை தேதியைக் குறித்து வைத்து, 28ஆம் நாள் பெட்டியை உள்ளே வையுங்கள். ரொம்ப முன்னாலேயே வைத்தால் அதைக் கக்கூஸ் ஆக்கிவிடும்.

தோப்பு வீட்டில் நான் அதிகம் பயப்படுவது எறும்புக்குத்தான். பிறந்த வாடைக்கு ராத்திரியிலேயே சாரை பிடித்து வந்துவிடும். கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். சுவரில் கூண்டு ஒட்டியிருக்கக் கூடாது; ஓலையோ கயிறோ மேலே தொட்டால் அந்த வழியாக இறங்கும். பெட்டிக்குள் எறும்புப் பொடி தூவாதீர்கள். எலி, பூனை, பாம்பு நுழைய முடியாதபடி வலை இடுக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தீவனத்தைத் திடீரென்று மாற்ற வேண்டாம். புல், வேலிமசால் தழை, கொஞ்சம் அகத்தி, இதனுடன் அடர்தீவனம் நாளைக்கு 100 கிராம் போதும். குட்டி பால் குடிக்க ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்ல 200 வரை கூட்டலாம். தண்ணீர் மட்டும் ராத்திரியிலும் தீரவே கூடாது.

ஈற்று பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ நடக்கும், அரை மணிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கடித்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் கூட்டம் போட விடாதீர்கள். காலையில் தாய்க்குக் கொஞ்சம் புல்லைக் காட்டி ஓரம் கட்டிவிட்டு, கை கழுவி, அதன் முடியைக் கையில் தேய்த்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் பயம். முடிக் குவியல் லேசாக மேலும் கீழும் அசைந்தால் குட்டிகள் நலம். செத்ததையும் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியையும் எடுத்துவிடுங்கள். விறைத்துக் கிடக்கும் குட்டியைச் செத்ததென்று எறியாமல், உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிப் பாருங்கள்; பல குட்டிகள் துளிர்த்துக்கொள்ளும்.

“பால் கொடுக்கவே மாட்டேன் என்கிறது” என்று மறுநாளே போன் வரும். முயல் நாளைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை, மூன்று நாலு நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் பெட்டிப் பக்கமே போகாது. அது அதன் சுபாவம். குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகத் தெரியும். சுருக்கம் விழுந்து ஒட்டியிருந்தால் தாயைப் பெட்டிக்குள் விட்டு, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே வழிக்கு வரும். பசும்பாலைச் சொட்டு மருந்து மாதிரி ஊற்றினால் நெஞ்சில் புரை ஏறிச் செத்துப்போகும்.

32 நாள் தாண்டியும் ஈனவில்லை, முக்கிக்கொண்டே இருக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை, மடி சிவந்து கல் மாதிரி இருக்கிறது என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கிற அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். முயலுக்கு அது குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

குட்டிக்கு 10, 12 நாளில் கண் திறக்கும், மூன்றாவது வாரம் தானாக வெளியே வரும். அப்போது பெட்டியை எடுத்துவிடலாம். ஆறு வாரம் ஆனதும் தாயிடமிருந்து பிரியுங்கள். மூன்று மாதம் ஆகும் முன்னால் ஆண், பெண் பார்த்துத் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சினை பிடித்துவிடும்.