வகுப்பறைக்குள் ஒரு விண்பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகத் தரம் 9 பிள்ளைகள் ஒரு பாவனை விண்பயணத்தை ஓட்டி வருகிறார்கள், முதல் வருடத்துக்குப் பிறகு அதை வடிவமைப்பதும் அவர்களேதான். ஒரு வகுப்பறை விண்கலம், பக்கத்து வகுப்பறை தரைக் கட்டுப்பாட்டு நிலையம். போன கிழமை அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து கனபேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

துணுக்காய், ஆசிரியர்: எங்களிடம் புரொஜெக்டர் இல்லை, கணினி அறையும் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. இதையெல்லாம் நாங்கள் செய்ய ஏலுமா சேர்?

ஏலும். முதல் வருடம் எங்களிடம் இருந்தது இரண்டு தறப்பாள், நாலு ரோச் லைட், ஒரே நேரம் காட்டுகிற இரண்டு சுவர் மணிக்கூடு, கடையில் வாங்கிவந்த காட்போட் பெட்டிகள், அவ்வளவுதான். மேசைகளை ஓரமாக அடுக்கி ஒடுக்கமான ஒரு பாதை விட்டோம், யன்னலைக் கறுப்புத் துணியால் பாதி மறைத்தோம். ஆனால் பிள்ளைக்கு விண்கலத்துக்குள் இருக்கிறேன் என்ற உணர்வைக் கொடுத்தது இது ஒன்றுமில்லை. மற்ற அறையில் இருப்பவரோடு நேரே கதைக்க ஏலாது என்ற ஒரே விதிதான் கொடுத்தது.

எப்படியென்றால், செவ்வாய் பூமிக்குக் கிட்ட வரும்போதே வானொலிச் செய்தி போய்ச்சேர 3 நிமிடமளவில் ஆகும், எட்டப் போனால் 22 நிமிடம். நாங்கள் 3 நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு பிள்ளைக்கு 'ஒளி' என்று பெயர் வைத்தோம். அவள் கேள்விச் சீட்டை வாங்கி, மணிக்கூட்டைப் பார்த்து 3 நிமிடம் வாசலில் நின்று, பிறகுதான் மற்ற அறைக்குக் கொடுப்பாள். பதில் வரவும் இன்னொரு 3 நிமிடம். "வெப்பநிலை கூடுது, என்ன செய்ய?" என்று எழுதி அனுப்பிவிட்டு 6 நிமிடம் காத்திருக்கிற பிள்ளை, இரண்டாம் முறை கேள்வி கேட்கும்போது தேவையான அளவீடு எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிவிடுகிறது. இதை நான் வாயால் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

முள்ளியவளை, ஆசிரியை: இது உங்களுடைய சொந்த யோசனையா?

இல்லை. 1986 ஜனவரி 28 அன்று சலஞ்சர் விண்ணோடம் ஏவிய 73 செக்கனில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிஃப், பாடசாலை ஆசிரியை. விண்ணிலிருந்து பாடம் நடத்தப் போனவர். அந்த ஏழு பேரின் குடும்பங்களும் நினைவுச் சின்னம் கட்டுவதோடு நிற்காமல், பிள்ளைகள் பாவனைப் பயணம் செய்து படிக்கிற நிலையங்களைத் தொடங்கின. முதலாவது 1988இல் ஹியூஸ்டனில் திறந்தது. பாதிப் பேர் கலத்தில், பாதிப் பேர் தரையில், இடையில் இடம் மாறுவது எல்லாம் அங்கேயிருந்து எடுத்ததுதான்.

ஒன்றை மட்டும் மாற்றினோம். அங்கே பயணத்தைப் பெரியவர்கள் தயாரித்து வைத்திருப்பார்கள், பிள்ளைகள் வந்து ஓட்டுவார்கள். எங்களிடம் பயணத்தையே பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள்: எங்கே போகிறோம், எத்தனை நாள், என்ன கொண்டுபோகிறோம், எது பழுதாகும், பழுதானால் என்ன வழி. ஓட்டுகிற அன்றைக்குப் படிப்பதைவிட எழுதுகிற ஆறு கிழமையில் படிப்பதுதான் கூட. இதைச் சொல்லத்தான் இந்தப் பதில்கள் எல்லாம் எழுதுகிறேன்.

மாங்குளம், ஆசிரியர்: அதிபர் "பாடத்திட்டம் முடிக்கவில்லை, இது என்ன விளையாட்டு" என்கிறார். என்ன சொல்ல?

ஒரு கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஒட்சிசன் வேண்டும். 2010–2011இல் மொஸ்கோவில் ஆறு பேரை மூடிய கூடங்களுக்குள் 520 நாள் வைத்து செவ்வாய்ப் பயணம்போலவே ஒரு பரிசோதனை நடந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த ஆறு பேருக்கும் அந்த 520 நாளுக்கும் பெருக்கிப் பார்த்தார்கள்: 2,620 கிலோ. ஒட்சிசன் மட்டும் இரண்டரைத் தொன்னுக்கு மேல். "இதை எப்படிச் சேர் தூக்கிக்கொண்டு போறது?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து ஒளித்தொகுப்பு, நீரின் மின்பகுப்பு, நீர்ச் சுழற்சி மூன்றுக்கும் போனோம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் எல்லாவற்றையும் சுத்தப்படுத்தி 98 சதவீதமளவு நீரை மீட்கிற நிலையை 2023இல் எட்டிவிட்டார்கள் என்றபோது வகுப்பே முகம் சுளித்தது, பிறகு அடுத்தடுத்துக் கேள்வி கேட்டது.

அலகுமாற்றம், வரைபு, அமுக்கம், மின்சுற்று, எல்லாம் பாடத்துக்குள் இருப்பவைதான். எந்தப் பாட அலகு பயணத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி அதிபரிடம் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவர் மறிக்கவில்லை.

புதுக்குடியிருப்பு, ஆசிரியை: வகுப்பில் 38 பிள்ளைகள். எல்லாருக்கும் வேலை கொடுக்க முடியுமா? கடைசியில் கெட்டிக்காரர் நாலு பேர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கட்டாயம் அப்படித்தான் நடக்கும், நீங்கள் தடுக்காவிட்டால். ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர்: காற்று, நீர், மின்சாரம், வழி, உடல்நலம், விஞ்ஞானப் பரிசோதனை, பதிவு. கலத்தில் ஒரு சோடி, தரையில் அதே பொறுப்புக்கு ஒரு சோடி. இதிலேயே 28 பேர். மிச்சப் பேர் தளபதி, பயண இயக்குநர், தொடர்பாளர், 'ஒளி', பிறகு பழுதுகளை ஒளித்துவைத்து நேரத்துக்கு வெளியே விடுகிற 'பழுதுக் குழு'. இந்தக் குழுவில் வகுப்பிலேயே குழப்படியான பிள்ளைகளைப் போட்டுப் பாருங்கள், பழுது வைக்க வேண்டுமென்றால் அந்தக் கருவி எப்படி வேலைசெய்கிறது என்று அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கும்.

தொடர்பாளர் தவிர வேறு யாரும் கலத்தோடு கதைக்கக் கூடாது. நாசாவிலும் இதே வழக்கம்தான். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் மேலே இருப்பவர் எதைக் கேட்பது?

அதே ஆசிரியை: தளபதி என்றால் பெடியன், தாதி என்றால் பெண்பிள்ளை. இதை எப்படி மாற்றுவது?

சீட்டுக் குலுக்குங்கள். வாக்கெடுப்பு வைக்காதீர்கள், பழைய பழக்கம்தான் வெல்லும். குலுக்குவதற்கு முன் ஐலீன் கொலின்ஸ் என்ற பெண் 1999இல் விண்ணோடத்துக்குத் தளபதியாக இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.

வவுனியா வடக்கு, ஆசிரியர்: அப்பலோ 13 மாதிரி வெடிப்புச் சத்தம், சைரன் எல்லாம் ஸ்பீக்கரில் போட்டால் நிஜம்போல இருக்குமே?

தயவுசெய்து போடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் எழுதுகிறேன். முதல் வருடம் பிள்ளைகளே போனில் ஒரு வெடிச்சத்தம் எடுத்துவந்து போட்டார்கள். அவர்கள் எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அது படத்தில் வருகிற சத்தம். ஆனால் பக்கத்து வகுப்பில் இருந்த ஆசிரியை அப்படியே சுவரோடு குந்திவிட்டார். தறப்பாள், இருட்டு, ஒடுங்கின இடம், வெளியே சத்தம்: எங்கள் மண்ணில் இதற்கு வேறொரு நினைவு இருக்கிறது, அது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். அன்றைக்கே நிற்பாட்டிவிட்டோம்.

இப்போது எங்கள் விதிகள் இவை. சத்தம் இல்லை, அபாயம் வந்தால் சிவப்புத் தாள் ஒட்டிய ரோச் லைட் எரியும். அறையை முழுக்க மூட மாட்டோம், ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கும், யாரும் கேள்வியில்லாமல் எழுந்து வெளியே வரலாம். பெற்றோருக்கு முதலே சொல்லி, ஒருநாள் வந்து பார்க்கச் சொல்வோம். எங்கள் அறை அம்மாமார் தைத்துக்கொடுத்த வெள்ளைச் சீலையால் ஆனது இப்போது, தறப்பாளைக் கீழே விரிக்க மட்டும்தான் எடுக்கிறோம்.

அப்பலோ 13ஐச் சத்தமில்லாமலே செய்யலாம். 1970 ஏப்ரல் 13, நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கலத்தின் ஒட்சிசன் தாங்கி பூமியிலிருந்து ஏறத்தாழ 3,20,000 கிலோமீற்றரில் வெடித்தது. இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்கென்று செய்த இறங்குகலத்தில் மூன்று பேர் நாலு நாளளவு தாக்குப்பிடிக்க வேண்டும். மூச்சில் வருகிற காபனீரொட்சைட்டை உறிஞ்சுகிற டப்பாக்கள் தாய்க்கலத்தில் சதுரம், இறங்குகலத்தின் துளையோ வட்டம். கலத்தில் கிடந்த பிளாஸ்ரிக் பை, காட்போட், குழாய், ஒட்டுநாடா இவற்றால் எப்படிப் பொருத்துவது என்று தரையில் இருந்தவர்கள் செய்துபார்த்து, வாயால் படிப்படியாகச் சொன்னார்கள்.

நாங்கள் ஒரு சதுர ஐஸ்கிரீம் பெட்டி, ஒரு பிவிசி குழாய், ஷொப்பிங் பை, காட்போட், ரேப் கொடுப்போம், 20 நிமிடம். தரையில் இருப்பவர் செய்து, படம் கீறாமல் சொற்களால் மட்டும் சீட்டில் எழுத வேண்டும், கலத்தில் இருப்பவர் அதை வாசித்துச் செய்ய வேண்டும். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்து, பொருத்தில் சோப்பு நுரை பூசிப் பார்ப்போம், ரியூப் ஒட்டுகிற கடையில் பார்ப்பதுபோல. குமிழி வந்தால் கசிவு. இந்த ஒரு வேலையில் பிள்ளைகளின் தமிழ் எழுத்து திருந்தியதைத் தமிழ் ரீச்சரே வந்து சொன்னார்.

அக்கராயன், தரம் 10 மாணவி: சேர், பயணம் தோற்றுப்போனால் என்ன செய்வீர்கள்? எங்கள் குழுவுக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளை, தோற்கிற பயணத்தையும் நாங்கள் கடைசிவரை பதிவுசெய்வோம். 1999இல் செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு சுற்றுக்கலம் தொலைந்தது. ஒரு பகுதியினர் உந்துவிசையை இறாத்தல் அளவில் கொடுக்க, மற்றவர்கள் நியூற்றன் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். எங்கள் வகுப்பில் போன வருடம் ஒரு குழு மில்லிலீற்றரை லீற்றராகப் போட்டு, ஒன்பதாம் நாளே தண்ணீர் முடிந்துவிட்டது. அந்தத் தாளை இப்போதும் சுவரில் வைத்திருக்கிறோம், அந்தக் குழு சம்மதித்த பிறகுதான் ஒட்டினேன்.

சந்திரயான் 2இன் தரையிறங்கி 2019 செப்டெம்பரில் விழுந்து நொறுங்கியது. அதில் கண்ட பிழைகளைத் திருத்தித்தான் 2023 ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். அழுதது பிழையில்லை. அடுத்த நாள் உங்கள் பதிவுப் புத்தகத்தை எடுத்து, முதலாவது பிழை எந்த நிமிடத்தில் நடந்தது என்று தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவர்: விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி இரண்டு வாங்கித் தரலாமா?

மனதுக்கு நன்றி. ஆனால் இரண்டு பேர் போட்டிருக்க மிச்சப் பேர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அந்தக் காசுக்கு வெப்பமானி, மல்ரிமீற்றர், சிறிய சூரியத் தகடுகள், எழுதி அழிக்கிற பலகைகள் வாங்கினால் முழு வகுப்பும் கையால் தொடும்.

பரந்தன், பெற்றோர்: வெயிலுக்குள் பிள்ளைகளை அடைத்து வைப்பது பாதுகாப்பா?

பொலித்தீனால் மூடிய எதற்குள்ளும் பிள்ளைகளை விடவே கூடாது, தலையில் பை, முகமூடி, மூடிய தலைக்கவசம் ஒன்றும் வேண்டாம். காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிடுவோம், 80 நிமிடம். குடிநீர் உள்ளேயே இருக்கும், 'தண்ணீர் முடிந்துவிட்டது' என்பது தாளில் மட்டும்தான்.

ஒட்டுசுட்டான், புதிய ஆசிரியர்: எதிலிருந்து தொடங்குவது? எனக்கு விண்வெளி பற்றி அவ்வளவு தெரியாது.

எனக்கும் தொடங்கும்போது தெரியாது, பிள்ளைகளோடு சேர்ந்துதான் படித்தேன். நீங்கள் கதையை எழுதிக்கொடுக்காதீர்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது. முதல் வருடம் நான் எழுதினேன், அழகாகத்தான் இருந்தது, பிள்ளைகள் நாடகம்போல் ஒப்புவித்தார்கள். ஒருவரும் ஒரு கணக்குக்கூடக் கேட்கவில்லை.

முதல் நாள் வானத்தைக் காட்டுங்கள். விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலாலும் போகிறது, 400 கிலோமீற்றர் உயரத்தில், ஏறத்தாழ யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிற தூரம். 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றும். எங்கள் நாட்டின் முதல் செய்மதி இராவணா 1, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடின பெட்டி, 2019 ஜூன் 17 அன்று அங்கேயிருந்துதான் விடப்பட்டது. நிலையம் தெரிகிற நேரத்தை நாசாவின் 'Spot the Station' செயலியில் பார்க்கலாம், பொழுதுபட்ட பிறகு அல்லது விடிய முன்னர், மின்னாமல் ஒரே சீராக நகர்கிற வெளிச்சம். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு குளக்கட்டில் நின்றால் நல்லாய்த் தெரியும், வன்னி இருட்டு அதற்குப் போதும்.

அடுத்த நாள் வகுப்பில் "அங்கே இருப்பவர் இன்றைக்கு எதைச் சாப்பிட்டிருப்பார், அந்தக் குப்பை எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கரும்பலகையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.