காம்டே கொஞ்சம் காத்திருக்கட்டும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர் நான். முதலாண்டு மாணவர்களுக்கு 'சமூகவியல் அடிப்படைகள்' தாள் எடுக்கிறேன். பாதிப் பேர் வேறு துறைக்காரர்கள். பாடப்புத்தக வரிசைப்படி வரையறை, அகஸ்ட் காம்டே என்று தொடங்கினேன். இரண்டாம் வாரமே வகுப்பு தூங்கி வழிகிறது. "இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று ஒரு மாணவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது? தேர்வில் வரையறைதான் கேட்கிறார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

பதில்: அந்த மாணவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் பாடம் தொடங்க வேண்டிய இடத்தை அவரே காட்டிவிட்டார். 'தெரிந்ததுதானே' என்ற நினைப்பை அசைக்காமல் சமூகவியலுக்குள் யாரையும் அழைத்துப்போக முடியாது. காம்டே 1830-களின் இறுதியில் இந்தத் துறையின் பெயரை அச்சில் ஏற்றினார் என்பது நல்ல தகவல்தான். மூன்றாம் வாரத்தில் சொன்னாலும் அது கெட்டுப்போகாது.

இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வீரர்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் நடத்திய பெரிய ஆய்வு 1949-இல் நூலாக வந்தது. அதற்கு மதிப்புரை எழுதிய சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், சில முடிவுகளை வரிசையாக அடுக்கினார். அதிகம் படித்த வீரர்களிடம்தான் மனநலக் கோளாறின் அறிகுறிகள் கூடுதல். வெப்பமான தென்மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், வெப்பத் தீவுகளின் தட்பவெப்பத்தை வடக்கத்தியரைவிட நன்றாகத் தாங்கினார்கள். இப்படிப் போகிறது பட்டியல். 'இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வா?' என்று வாசகர் சலித்துக்கொள்ளும் நேரத்தில், மேலே சொன்னதெல்லாம் கிடைத்த முடிவுகளுக்கு நேர்மாறானவை என்று போட்டு உடைத்தார்.

இதை அப்படியே வகுப்பில் செய்யுங்கள். பொய்யான இரண்டு முடிவுகளைக் கரும்பலகையில் எழுதி, 'ஏன் இப்படி?' என்று ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் எழுதிவிடுவார்கள், படித்தவன் அதிகம் யோசிப்பான், தெற்கத்தியனுக்கு வெயில் பழக்கம் என்று. பிறகு உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் தோற்றுப்போனதைப் பெரிதாக்க வேண்டாம். நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு சரளமாகக் காரணம் எழுத வந்ததே, அதைப் பற்றிப் பேசுங்கள். காரணம் தோன்றுவது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு என்பதை வேறெந்த வகையிலும் இவ்வளவு சுருக்காகப் புரியவைக்க முடியாது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ராணுவப் போலீஸ் பிரிவில் பதவி உயர்வு அபூர்வம். விமானப் படைப் பிரிவில் தாராளம். பதவி உயர்வு வாய்ப்பைப் பற்றி அதிகம் குறைபட்டுக்கொண்டவர்கள் எந்தப் பிரிவினர் என்று கை தூக்கச் சொல்லுங்கள். விடை: விமானப் படையினர். பக்கத்தில் இருப்பவனுக்கெல்லாம் கிடைக்கும் இடத்தில், கிடைக்காதவனுக்கு வலிக்கும். கிடைத்தவனுக்கும் அது பெரிதாகத் தெரியாது. யாருக்கும் கிடைக்காத இடத்தில் அந்த வலி இல்லை. மனதுக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் திருப்திக்கு அளவுகோல் வெளியே, சேர்ந்திருக்கும் கூட்டத்தில் இருக்கிறது. தனிமனிதச் சிக்கலையும் பொதுப் பிரச்சினையையும் இணைத்துப் பார்க்கும் திறனைப் பற்றி 1959-இல் சி. ரைட் மில்ஸ் எழுதியதை இந்த இடத்தில் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த வகுப்புக்கான பொருள் அந்த அறையிலேயே கிடக்கிறது. யாருக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனாலும் மூன்றாம் வாரத்தில் ஆளாளுக்கு ஓர் இடம் இருக்கும். ஒருநாள் பின்வரிசைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, முதல் வரிசையில் வேறொருவரின் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்த இடத்துக்காரர் வந்ததும் ஒரு கணம் நிற்பார். சிரிப்பார். "இது என் இடம்" என்று சொல்லவும் வாய் வராது, நகரவும் மனம் வராது. சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதப்படாத விதி ஒன்று எங்கிருந்து வந்தது? மீறும்வரை ஏன் கண்ணில் படவில்லை? தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துவதே 'சமூக உண்மை' என்று எமில் டர்க்கைம் 1895-இல் எழுதினார். மாணவர்கள் அதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஹெரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு வந்தவர்போல நடந்துகொள்ளச் சொன்ன பரிசோதனையையும் சொல்லலாம். வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். அதை வீட்டுப்பாடமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பெற்றோருக்குப் பதில் சொல்லி முடியாது.

அதிகாரத்தை மூன்று வகையாகப் பிரித்த மாக்ஸ் வெபருக்கு நீங்களே உதாரணம். நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு ஏன் அடங்குகிறது? பணிநியமன ஆணை தந்த சட்டபூர்வ அதிகாரமா, ஆசிரியர் என்றால் அடங்க வேண்டும் என்ற மரபா, உங்கள் பேச்சின் வசீகரமா? மாணவர்களிடம் கேட்டால் மூன்றாவதற்கு ஓட்டு குறைவாக விழும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கார்ல் மார்க்சுக்கு இன்னும் எளிய கேள்வி: இந்த அறைக்குள் வர முடியாமல் போனவர்கள் யார், ஏன்? இதில் நீங்கள் விடை சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லட்டும், சண்டையும் போடட்டும்.

டர்க்கைம், வெபர், மார்க்ஸ் மூவரையும் மும்மூர்த்திகளாக நிறுத்திவிட வேண்டாம். அந்த வரிசை பின்னால் வந்தவர்கள் கட்டியது. அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1937-இல் எழுதிய கோட்பாட்டு நூலில் மார்க்சுக்கு முக்கிய இடமே இல்லை. பிலடெல்பியா நகரில் கறுப்பினத்தவர் வாழ்க்கையை நேரில் ஆராய்ந்து 1899-இல் நூலாக்கிய டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் காணாமலே போனார். யார் நிறுவனர் என்று முடிவுசெய்வது யார்? இதுவே ஒரு சமூகவியல் கேள்விதான்.

ஒரு எச்சரிக்கை. தற்கொலை பற்றிய டர்க்கைமின் 1897 ஆய்வோடு தொடங்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தரங்கமான ஒரு செயலின் விகிதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது ஏன் என்ற கேள்வி பிரமாதமானது. ஆனால் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர்களில் யார் என்ன துக்கத்தோடு வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மாணவர்களை ஓரளவு அறிந்த பிறகு, முந்தைய நாளே சொல்லிவைத்து எடுங்கள். விகிதத்தைப் பற்றிப் பேசுகிறோம், எந்தத் தனிமனிதரின் முடிவையும் விளக்கவில்லை என்பதையும் தெளிவாக்குங்கள்.

வாரம் ஒரு பயிற்சி போதும். லிப்டிலோ பேருந்து நிறுத்தத்திலோ இருபது நிமிடம் நின்று பார்த்ததை எழுதி வரட்டும். முதலில் வருவது பெரும்பாலும் "அவர் எரிச்சலாக இருந்தார்" என்ற மாதிரி இருக்கும். 'எரிச்சல்' என்பதை அடித்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார், சாலை ஓரம் வரை போய்த் திரும்பினார்" என்று திருத்தி வரும்போது, பார்த்ததையும் ஊகித்ததையும் பிரிக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

தேர்வுக்கு: வரையறையை ஒதுக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அன்று பார்த்ததற்கான பாடப்புத்தக வரையறையைச் சொல்லி எழுதவையுங்கள். அதன் கீழே வகுப்பில் நடந்த உதாரணத்தை அவர்கள் சொந்த நடையில் இரண்டு வரி எழுதட்டும். தேர்வுக்கு முன்நாள் புரட்டுவதற்கு அந்த நோட்டு போதும். 'தெரிந்ததுதானே' என்ற அந்த மாணவரையும் கேளுங்கள், அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்த அன்று என்ன எழுதினார் என்று.