புறாவ எதுக்குக் குடுத்தான்னு கேட்டியா?

காரைக்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. சிங்கப்பூர் வேலை போயி ஒரு வருஷமா வீட்டுல இருக்குற தம்பி, வளவு வீட்டுப் பாகத்துல சித்தப்பா ஏமாத்திட்டாருன்னு 'அவர வெட்டாம விடமாட்டேன்'னு கத்திக்கிட்டே கெடந்தானாம், இப்ப பத்து நாளா சாந்தமாயிட்டானாம், மூணு வருஷமா வளத்த புறாவெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுத்துட்டானாம், மாடியும் சுத்தமாச்சு, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும், ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிடலாமான்னு கேக்குறா. (அடையாளத்த மாத்தித்தான் போடுறேன், பதில முன்னாடியே தபால்ல அனுப்பிட்டேன்.)

தங்கச்சி, கல்யாணப் பேச்ச இன்னையோட நிறுத்து. இன்னொரு வீட்டுப் பொண்ணு உன் தம்பிக்கு மருந்து இல்ல.

என்னால அந்தப் புறா வரியத் தாண்டவே முடியல. விடியக்காலைல எந்திரிச்சு கம்பும் சோளமும் போட்டவன் ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிக் குடுக்குறான்னா, நாளைக்கு இதுகள யாரு பாப்பான்னு யோசிச்சிருக்கலாம்ல? தான் உசுரோட இருக்கமாட்டேன், இல்ல ஜெயில்ல இருப்பேன்னு முடிவு பண்ணுனவங்களும் இப்படித்தான் குடுப்பாங்க. நீ என்னடான்னா மாடி சுத்தமாச்சுங்குற! கத்திக்கிட்டு இருந்தவன் திடீர்னு அடங்குனா கோவம் போச்சுன்னு நீயா நினைச்சுக்குவியா?

மிரட்டுற எல்லாரும் செய்யமாட்டாங்க, உண்மைதான். செய்யுறவங்க பல பேரு எதிராளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க, ஆனா கூட இருக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அமெரிக்கால ஜனாதிபதிக்குக் காவல் இருக்குற சீக்ரெட் சர்வீஸும் கல்வித்துறையும் சேந்து 37 பள்ளிக்கூடத் தாக்குதல ஆராஞ்சு 2002ல அறிக்கை விட்டாங்க, அதுல 81 சதவீதத்துல முன்னாடியே ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருந்துச்சு. அங்க துப்பாக்கி, நம்ம பக்கம் அருவா. உன் வீட்டுல அந்த ஒருத்தர் நீதான்.

கொல்லைல கெடக்குற அருவா, பூச்சி மருந்து ரெண்டையும் மொதல்ல வேற வீட்டுக்குக் கொண்டுபோ. அப்புறம் அவன் மதிக்குற மாமா யாரையாவது கூட வச்சுக்கிட்டு திண்ணைல உக்காந்து, 'சித்தப்பாவ எதாவது பண்ணப் போறியா, சாகணும்னு தோணுதா'ன்னு நேராக் கேளு. கேட்டா நாமளே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும்னு ஆத்தா சொல்லுவாங்க, ஆகாது. திட்டாத, பதில் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் இருக்கு, நம்பர் 14416, ராப்பகல் எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசில்ல, நீயே கூப்பிட்டுக் கேக்கலாம். சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போ. கைல ஆயுதத்தோட கெளம்பிட்டான்னா தடுக்கப் போகாத, 112 போட்டு போலீஸக் கூப்பிடு.

பாகத்துல ஏமாத்தியிருந்தா அது நிஜமான வலி, பங்காளிங்கள உக்கார வச்சுப் பேசித்தான் ஆகணும், பெரியவங்க இத்தன நாள் கண்ண மூடிக்கிட்டு இருந்தது பெரிய தப்பு. அதுக்காக சித்தப்பாகிட்ட மறைக்கிறது ரத்தபாசம் ஆகிடாது, தம்பிய ஜெயிலுக்கு அனுப்பாம காப்பாத்துறதுதான் கூடப்பொறந்தவ கடமை. பேச்சுவார்த்தை இல்லன்னாலும் பரவால்ல, இன்னைக்கு ராத்திரியே அவருக்குப் போனப் போட்டு, காலைல கோயிலுக்குத் தனியாப் போகாதீங்கன்னு சொல்லிடு.