பண்டைக் கிரேக்க மொழியில் மாட்டுக்கு என்ன சொல்? அது எங்கிருந்து வந்தது?

பூஸ். 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற அந்தப் ப. பசு, காளை, எருது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். நாம் 'மாடு' என்கிறோமே, அது போல.

நம் கோசாலை, கோதானம் ஆகியவற்றில் இருக்கும் சமஸ்கிருத 'கோ'வும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்று முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. க எப்படிப் ப ஆகும்?

'க்வோ' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஒலி தொண்டையில் கிளம்பும்போதே உதடு குவிந்துவிடும். இவ்விரு மொழிகளுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்தச் சொல் இப்படித்தான் தொடங்கியது என்கிறார்கள் மொழியியலாளர்கள். சமஸ்கிருதம் தொண்டையை வைத்துக்கொண்டு உதட்டை விட்டுவிட்டது. கிரேக்கம் உதட்டோடு போனது. ஆங்கிலத்தின் 'கவ்' நம் பக்கம், லத்தீனின் 'போஸ்' அவர்கள் பக்கம்.

இதற்குச் சாட்சி மண்ணுக்குள்ளேயே இருந்தது. கிரேக்க அரண்மனைகளில் 3,200 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகைகளில் கணக்கு எழுதினார்கள். 'லீனியர் பி' எனப்படும் அந்த எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். அதில் மாடு மேய்ப்பவர் 'க்வோ-உ-கோ-ரோ'. (ரகரத்துக்கும் லகரத்துக்கும் அங்கே ஒரே குறி.) பிற்காலக் கிரேக்கத்தில் அதே ஆள் 'பூகோலோஸ்'. கிரேக்கமே ஒரு காலத்தில் 'க்வோ' என்றுதான் சொல்லியிருக்கிறது! எனக்கு இருந்த சந்தேகம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது.

சரி, அந்த மக்களுக்கு மாடு என்னவாக இருந்தது? காசு இல்லாத காலத்தில் விலை சொல்ல மாடுதான். ஹோமரின் போர்க் காவியமான இலியட்டில் கிளாக்கஸ் என்ற வீரன் தன் பொற்கவசத்தைக் கொடுத்து எதிரணி வீரன் டயோமிடிஸின் வெண்கலக் கவசத்தை வாங்கிக்கொள்கிறான். நூறு மாடு பெறுமானத்துக்கு ஒன்பது மாடு பெறுமானம் என்று ஹோமர் கணக்கே சொல்லிவிடுகிறார். வள்ளுவர் செல்வத்தையே 'மாடு' என்றது இங்கே நினைவுக்கு வரும்.

அப்புறம், கிரேக்கர்கள் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் எழுதிய காலம் உண்டு. கிரீட் தீவின் கோர்ட்டின் ஊரில், கல்லில் வெட்டிய சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. திரும்பி வரும் வரிகளில் எழுத்துகளும் திரும்பி நிற்கும். அதற்குப் பெயர் 'பூஸ்ட்ரோஃபெடோன்': ஏர் மாடு சால் முடிந்ததும் திரும்புகிறதே, அந்த மாதிரி.