'வியர்ட் சிஸ்டர்ஸ்': மார்க் குறைத்தது நியாயமா?

கேள்வி: மகள் பதினொன்றாம் வகுப்பு. 'மேக்பெத்' நாடகத்தில் வரும் 'வியர்ட் சிஸ்டர்ஸ்' யார் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். 'விசித்திரமான தோற்றமுள்ள மூன்று பெண்கள்' என்ற பொருளில் எழுதியிருக்கிறாள். பாதி மார்க்தான் வந்தது. அகராதியில் 'வியர்ட்' என்றால் விசித்திரம் என்றுதானே இருக்கிறது? பள்ளியில் போய்க் கேட்கலாமா?

பதில்: போகாதீர்கள். பாதி மார்க் கொடுத்ததே டீச்சரின் தாராள மனசு.

உங்கள் வீட்டு அகராதி சொல்வது இன்றைய பொருளை. ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியது 1606 வாக்கில். அந்தச் சொல்லின் பழைய வடிவத்துக்கு விதி, தலையெழுத்து என்று பொருள். இங்கிலாந்தில் அது ஏறக்குறைய வழக்கொழிந்துபோனது. ஸ்காட்லாந்தில் பிழைத்துக் கிடந்தது. மேக்பெத்தே ஸ்காட்லாந்துக் கதைதானே! ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அதில் இந்த மூவரையும் குறிப்பிட்டு, 'அதாவது விதியின் தேவதைகள்' என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

நாடகத்துக்குள்ளேயே சான்று உண்டு. மகளை முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் படிக்கச் சொல்லுங்கள். கைகோத்துச் சுற்றிவரும்போது அந்தப் பெண்களே தங்களை 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'நாங்கள் விசித்திரமானவர்கள்' என்று யாராவது தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வார்களா? அப்புறம் ஐந்தாம் காட்சி. இதே சொல் உள்ள கணவனின் கடிதத்தைப் படித்த லேடி மேக்பெத், விதியே உனக்கு முடிசூட்டிவிட்டது போலிருக்கிறதே என்கிறாள். அங்கே அவள் வாயில் வருவது 'ஃபேட்' என்ற சொல். டீச்சர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

சரி, விதி எப்படி விசித்திரமானது? காரணம் பெரும்பாலும் இந்த நாடகமேதான். பிற்காலத்து ஆங்கிலேயருக்கு மேக்பெத்தை விட்டால் அந்தச் சொல்லைச் சந்திக்க வேறு இடமில்லை. மேடையில் பார்த்தால் தாடி முளைத்த பெண்கள், கண்ணெதிரே காற்றில் கரைகிறார்கள். பார்த்தவர்கள் 'ஓ, இப்படி இருப்பதுதான் வியர்ட் போலும்' என்று எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி போன்ற கவிஞர்கள் அமானுஷ்யமான எதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்தத் திகிலும் வடிந்து, இன்று பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைகூட 'வியர்ட்' ஆகிவிட்டது.

ஒரு சுவையான விஷயம். 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இந்த எழுத்துக்கோவையே கிடையாது. 'வேவர்ட்' என்று படிக்கும்படி அச்சிட்டிருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் வடிவத்தைப் போட்டவர் 1733இல் பதிப்பித்த திபால்ட். பழைய அச்சு காட்டுவதுபோல, கவிதை வரியை வாய்விட்டுப் படிக்கும்போது அந்தச் சொல்லை 'வி-யர்ட்' என்று இரண்டு அசையாகப் பிரித்தால்தான் சந்தம் உட்காரும்.

அடுத்த தேர்வில் 'விதியை அறிந்து சொல்லும் மூன்று பெண்கள்' என்று முதல் வரியிலேயே எழுதட்டும். தோற்றத்தை அதற்குப் பிறகு, தாடியைப் பார்த்து மேக்பெத்தின் தோழன் பேங்கோ குழம்புவதைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அது தப்பில்லை, அது மட்டும் போதாது. ஆங்கிலத்தில் weird என்று எழுதும்போது 'இ'க்குப் (e) பிறகுதான் 'ஐ' (i) என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் சொல்லித்தரும் 'ஐ முன்னே, இ பின்னே' விதி இந்தச் சொல்லிடம் செல்லாது.